தொற்றுக் காலத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால்: புதிதாக வாடகைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த சில நாட்களிலேயே, நாடு முழுக்க இரண்டு விதமான குடித்தனக்காரர்கள் வீட்டை இழக்கும் நிலைக்கு வந்தார்கள். கூலி நின்றுபோய் வாடகை கொடுக்க முடியாத தொழிலாளர்கள் ஒரு பக்கம். சம்பளம் ஒழுங்காக வந்தும் "நோயைக் கொண்டுவந்துவிடுவீர்கள்" என்று விரட்டப்பட்ட மருத்துவர்கள், செவிலியர்கள் இன்னொரு பக்கம். வாடகை வீடுகளிலிருந்து தங்களை வெளியேற்றுகிறார்கள் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் சங்கம் அந்த மார்ச் மாதமே உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதியது.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது படிப்புக்கும் வேலைக்கும் ஊர்விட்டு வந்து முதல்முறையாக வாடகைக்கு இருப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது, யாரிடம் என்ன சொல்வது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது. தமிழ்நாட்டில் வாடகைக்கு இருக்கும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரகால ஆணைகள் தாமதமாக வரும், சீக்கிரம் காலாவதியாகும். உங்களை உண்மையில் காப்பாற்றப்போவது சாதாரண நாட்களுக்கான வாடகைச் சட்டமும், உங்கள் கையில் இருக்கும் காகிதமும்தான். அதனால் பாதி வேலையை நெருக்கடி வருவதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டும்.

அவசரகால ஆணை எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் கீழ் ஓர் ஆணை போட்டது. வெளியூர்த் தொழிலாளர்கள் உட்பட வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ வலுக்கட்டாயமாகக் காலி செய்யவைத்தால் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, காரணமில்லாமல் ஆணையை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அந்த ஆணை இன்று நடப்பில் இல்லை. ஆனால் அடுத்த முறையும் இதே அச்சில்தான் ஆணை வர வாய்ப்பு அதிகம். அதனால் அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது. நான்கு விஷயங்களைப் பாருங்கள். யாருக்குப் பொருந்தும்? 2020 ஆணையில் தொழிலாளர்களும் மாணவர்களும் இருந்தார்கள். சிறு கடை வைத்திருந்தவர் பெயர் அதில் இல்லை. எந்தத் தேதிவரை? வாடகையைப் பற்றியா, காலி செய்வதைப் பற்றியா, இரண்டையும் பற்றியா? நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு யாருக்கு?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் மாவட்ட ஆட்சியர். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். பேரிடர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அரசோ ஆணையமோ அதிகாரம் பெற்ற அலுவலரோ புகார் கொடுக்க வேண்டும். தனிமனிதர் நேரே போக வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் உங்கள் மனு முதலில் ஆட்சியர் பெயருக்குப் போக வேண்டும் என்கிறேன்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. "வாடகை கேட்கக் கூடாது" என்றால் வாடகை தள்ளுபடி என்று பொருள் இல்லை. தள்ளிவைப்புதான். ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்திவைக்கக் கோரிய கான் மார்க்கெட் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் அதை மறுத்துவிட்டது. இடத்தைக் கையில் வைத்திருக்கும்வரை வாடகைக் கடமை தொடரும், ஒப்பந்தத்திலேயே விலக்கு எழுதியிருந்தால்தான் வேறு பேச்சு என்பது அதன் சாரம்.

அரசியல்வாதிகளின் வாக்குறுதியை நம்பி வாடகையை நிறுத்துவது இதைவிட ஆபத்து. ஏழைகளால் வாடகை கொடுக்க முடியாவிட்டால் அரசே கொடுக்கும் என்று அன்றைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் 2020 மார்ச் 29 அன்று பத்திரிகையாளர் கூட்டத்தில் சொன்னார். 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார். செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தொலைக்காட்சியில் கேட்ட அறிவிப்பு அரசாணையாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதை நம்பி முடிவெடுக்க வேண்டும்.

நெருக்கடிக்கு முன்: ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 2017 இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. நகர்ப்புறங்களுக்கானது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இதற்கென ஆட்சியர் நியமிக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்திருக்க வேண்டும். பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். இதற்கென அரசின் தனி இணையதளமே இருக்கிறது. பதினோரு மாதத்துக்குத்தானே ஒப்பந்தம், பதிவு தேவையில்லை என்று ப்ரோக்கர் சொல்வார். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பழைய பேச்சு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு.

எழுத்து ஒப்பந்தம் போடாமல் விட்டது, காலி செய்யக் கேட்க ஒரு காரணமாகவே இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே வீட்டுக்காரர் "அதெல்லாம் எதுக்குப்பா, நம்மளுக்குள்ள" என்று அன்பாகச் சொன்னாலும், நீங்கள் மரியாதையாக, விடாமல் கேளுங்கள். கேட்டதற்கு ஒரு வாட்ஸாப் செய்தியாவது சாட்சியாக இருக்கட்டும்.

ஒப்பந்தம் எழுதும் நாளில் கூடுதலாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பேரிடர் நடக்கும்போது வாடகைக் காலம் முடிந்துபோனால், வாடகைதாரர் கேட்டுக்கொண்டால், பேரிடர் ஓய்ந்து ஒரு மாதம்வரை அதே நிபந்தனைகளில் தொடர வீட்டுக்காரர் அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. இரண்டு சிக்கல்கள். அது மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய மாதிரிதான். தமிழ்நாட்டில் நம்முடைய 2017 சட்டம்தான் நடக்கிறது. அடுத்து, அந்த மாதிரிச் சட்டம் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் என்று பெயர் சொல்லிவிட்டு, மற்றவற்றை "இயற்கையால் வரும் வேறு பேரிடர்" என்று முடித்துவிட்டது. தொற்றுநோய் என்ற சொல் அதில் இல்லை. கொரோனாவின் நடுவில் ஒப்புதல் பெற்ற ஒரு மாதிரியில் அந்தச் சொல் விடுபட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"தொற்றுநோய் காரணமாக அரசு ஊரடங்கோ நடமாட்டக் கட்டுப்பாடோ அறிவித்திருக்கும் காலத்தில் இந்த ஒப்பந்தம் முடிவடைந்தால், கட்டுப்பாடு நீங்கிய நாளிலிருந்து ஒரு மாதம்வரை வாடகைதாரர் இதே வாடகையில் தொடரலாம். அக்காலத்தில் வருமானம் நின்றதாக வாடகைதாரர் எழுத்தில் தெரிவித்தால், வாடகையை முன்பணத்திலிருந்து கழித்துக்கொண்டு, பின்னர் தவணையாக முன்பணத்தை நிரப்ப இரு தரப்பும் சம்மதிக்கின்றன."

எல்லா வீட்டுக்காரர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நெருக்கடி இல்லாத நாளில் கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீடு ஒரு வருஷம் பூட்டிக் கிடப்பதை விட இது அவர்களுக்கும் மேல்.

அட்வான்ஸ் பற்றி ஒரு சொல். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். புதிய சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய. எவ்வளவு கொடுத்தாலும் ரொக்கமாக மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வங்கி வழியாகவோ ரசீதோடோ கொடுங்கள். மாத வாடகையை ஜிபேயில் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் "ஜூன் வாடகை" என்று எழுதுங்கள். ஐந்து நொடி வேலை. பின்னால் அது ரசீது போலவே உதவும். ஒப்பந்தம், ரசீதுகள், மின்கட்டணச் சீட்டு, உங்கள் பெயரில் கேஸ் இணைப்பு இருந்தால் அந்தப் புத்தகம், எல்லாவற்றையும் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். வீடு பூட்டப்பட்டால் காகிதங்களும் உள்ளேதான் மாட்டிக்கொள்ளும்.

வாடகை கொடுக்க முடியாது என்று தெரிந்த அன்றே

பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். பணம் இல்லை என்ற கூச்சத்தில் வீட்டுக்காரரின் அழைப்பை எடுக்காமல் இருப்பார்கள். பத்து நாள் கழித்து அவர் படியேறி வரும்போது பேச்சு சண்டையில்தான் தொடங்கும். வாடகைத் தேதிக்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் பண முதலைகள் இல்லை. அந்த ஒரு மாடி வாடகையில் மருந்து வாங்கும் ஓய்வுபெற்றவர்களும், கணவர் இறந்த பின் அதையே நம்பி இருக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். எவ்வளவு, எப்போது என்று தெளிவாகச் சொன்னால் அவர்களாலும் திட்டமிட முடியும்.

முதலில் தொலைபேசியில் பேசுங்கள். பேசி முடித்த உடனே அதையே எழுத்தில் அனுப்புங்கள்:

"வணக்கம் சார். இன்று பேசியபடி, ஊரடங்கால் எங்கள் கம்பெனி மூடியிருக்கிறது, இந்த மாதச் சம்பளம் வரவில்லை. மே வாடகை 9,000 ரூபாயில் 3,000 இன்று அனுப்பியிருக்கிறேன். மீதி 6,000ஐ ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 3,000 வீதம் வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். முடியாது என்றால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்."

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது: காரணம் இருக்கிறது, தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, கொஞ்சமாவது பணம் போயிருக்கிறது. ஒன்றுமே கொடுக்காததை விட மூன்றில் ஒரு பங்கு கொடுத்தவரை அதிகாரியும் நீதிமன்றமும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அட்வான்ஸில் கழிப்பதற்கு வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வேண்டும். "அவர் கையில்தான் என் அட்வான்ஸ் இருக்கிறதே" என்று நீங்களாகவே வாடகையை நிறுத்தினால் அது பாக்கியாகத்தான் கணக்கில் ஏறும்.

பாக்கிக்குச் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, வீட்டுக்காரர் முறைப்படி அறிவிப்பு அனுப்பி, ஒரு மாதத்துக்குள் நீங்கள் கட்டவில்லை என்றால் அவர் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யும் உத்தரவு கேட்கலாம். அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஆகவே கடன் வாங்கியாவது, நகையை வைத்தாவது பாக்கியை இரண்டு மாதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். மனசுக்குக் கஷ்டமான அறிவுரைதான். ஆனால் நோய்க் காலத்தில் வேறு வீடு தேடி அலைவதோடு ஒப்பிட்டால் அது சின்னக் கஷ்டம்.

சில சமயம் நேர்மாறாக நடக்கும். உங்களைக் காலி செய்யவைக்கவே வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுப்பார், அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்புவார். இதைப் பார்த்து "சரி, வேண்டாமாம்" என்று விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப அனுப்புங்கள், மறுத்ததற்கான சாட்சியை வையுங்கள், அப்புறம் வாடகை அதிகாரியிடம் விண்ணப்பித்து அங்கே கட்டுங்கள். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை ஆட்சியர் வாடகை அதிகாரியாக நியமித்திருப்பார். யார் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க"

இதை வாயால் சொன்னாலும் வாட்ஸாப்பில் சொன்னாலும், அது வீட்டுக்காரரின் விருப்பம். உத்தரவு கிடையாது. உங்களை வெளியேற்ற வேண்டுமானால் 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். ஒருவர் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு அங்கே இருக்க உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியே அல்லாமல் உரிமையாளர் அவரை வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே கிருஷ்ணராம் மகாலே வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்துபோனவர்களுக்கும், பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் கூட இந்தப் பாதுகாப்பு உண்டு.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை மூன்று. பயத்தில் "சரி சார், காலி பண்ணிடுறோம்" என்று பதில் அனுப்பக் கூடாது. அந்த ஒரு வரியே நாளை உங்களுக்கு எதிரான சாட்சி. நிரப்பாத தாளிலோ, படிக்காத தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. "ரெண்டு நாள் மட்டும் வெளியே இருங்க, வீட்டைச் சுத்தம் பண்ணிட்டுத் தர்றேன்" என்று சொன்னால் சாவியைக் கொடுக்கக் கூடாது. ஊருக்குப் போக வேண்டியிருந்தால் பொருட்களை வீட்டிலேயே வைத்து, பூட்டி, சாவியை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். "இன்ன காரணத்துக்காக ஊருக்குப் போகிறேன், திரும்பி வருவேன், வீடு என் பொறுப்பில்தான் இருக்கிறது" என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

அதோடு, ஸ்பீடு போஸ்டில் ஒரு பதில் கடிதம் அனுப்புங்கள். அரசு ஆணை நடப்பில் இருந்தால் அதன் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு, "சட்டப்படியான உத்தரவு இல்லாமல் காலி செய்ய இயலாது, வாடகைக்கு இன்ன ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று நாலு வரி போதும். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளைக்கு ஓர் அதிகாரி படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பூட்டுப் போட்டால், தண்ணீரை நிறுத்தினால்

நீதிமன்றத்துக்குப் போக விரும்பாத வீட்டுக்காரர்கள் கையில் எடுப்பது இதைத்தான். மோட்டார் போடாமல் விடுவார்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுவார்கள். மெயின் ஸ்விட்சை அணைப்பார்கள். மாடிப்படிக் கதவைப் பூட்டுவார்கள். கையைக் கழுவுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லும் காலத்தில் தண்ணீரை நிறுத்துவது மிகக் கொடுமையானது, அந்தத் தெருவுக்கே ஆபத்தானதும்கூட.

2017 சட்டத்தின் 20ஆம் பிரிவு இதை நேரடியாகத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிப்ட், கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரரோ அவர் சார்பில் வேறு யாரோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், வசதியைத் திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். மனுவில் "உடனடி இடைக்கால உத்தரவு வேண்டும்" என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் வழக்கமான மனுக்களோடு வரிசையில் போய்விடும்.

மனுவுக்கு முன் சாட்சி. குழாயைத் திறந்து தண்ணீர் வராததை வீடியோ எடுங்கள். பக்கத்துக் குடித்தனத்தில் வருகிறது என்றால் அதையும் எடுங்கள். மின்சாரம் என்றால், மின்வாரியம் துண்டிக்கவில்லை என்பதைக் காட்டக் கட்டணம் கட்டிய சீட்டையும், அணைத்திருக்கும் ஸ்விட்சின் படத்தையும் சேருங்கள். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே போன நேரத்தில் வேறு பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்றால் உடனே 100 அல்லது 112க்கு அழையுங்கள். காவல் நிலையத்தில் "வாடகைத் தகராறு" என்று தொடங்கினால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "நான் குடியிருக்கும் வீட்டில் என் அனுமதி இல்லாமல் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். என் பொருட்கள், சான்றிதழ்கள், மருந்து உள்ளே இருக்கின்றன. என்னை உள்ளே போகவிடாமல் தடுக்கிறார்கள்." சட்டவிரோதமாகத் தடுத்தல், அத்துமீறி நுழைதல் ஆகியவை குற்றங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் கிளம்பாதீர்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் அதையே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ தபாலில் அனுப்புங்கள்.

அதே நாளில் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லுங்கள். மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்தான். ஆனால் ஊரடங்கில் அந்தக் கூட்டங்கள் நடக்காமல் போகலாம் என்பதால் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் முதலில் பயன்படுத்துங்கள். எங்கே பேசினாலும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் ஒரு பழைய சட்டம் கை கொடுக்கும். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963இன் 6ஆம் பிரிவின்படி, சம்மதம் இல்லாமல், சட்ட நடைமுறையும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபோகத்தை, அதாவது அந்த இடத்தைத் தன் கையில் வைத்திருப்பதை, திரும்பக் கேட்கலாம். வீடு யாருடையது என்ற கேள்வி அங்கே எழாது. நீங்கள் அங்கே இருந்தீர்களா, முறையில்லாமல் வெளியேற்றப்பட்டீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த ஆறு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

நோய் வந்தவர்கள், மருத்துவமனையில் வேலை செய்பவர்கள்

நீங்கள் செவிலியர், மருத்துவர், ஆய்வகப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஊழியர் என்றால் உங்கள் பாதுகாப்பு மற்றவர்களை விட வலுவானது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. முதலில் ஏப்ரலில் அவசரச் சட்டமாக, பிறகு செப்டம்பரில் முழுச் சட்டமாக. தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரின் வாழும் சூழலையோ வேலைச் சூழலையோ பாதித்து, கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும் தொந்தரவையும் அது "வன்முறை" என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். விசாரிப்பவர் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். புகார் கொடுக்கும்போது இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். மருத்துவமனை அடையாள அட்டையின் நகலையும், கண்காணிப்பாளரிடமிருந்து ஒரு கடிதத்தையும் இணையுங்கள்.

நோயாளியாக இருப்பவருக்கு இவ்வளவு நேரடியான சட்டம் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம், வீடு வாடகைக்குக் கொடுப்பதிலும் காலி செய்யச் சொல்வதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. எல்லாத் தொற்றுக்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை ஒரு நடைமுறை வழி இருக்கிறது. வீட்டிலேயே தனிமையில் இருங்கள் என்று சுகாதாரத் துறை சொல்லியிருந்தால், அதை எழுத்தில் அல்லது குறுஞ்செய்தியாக வாங்கிவையுங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் உங்களை வெளியேற்றுவது அரசின் அறிவுரைக்கே எதிரானது. 104இல் அழைத்துச் சொன்னால், சுகாதார ஆய்வாளரோ மாநகராட்சி ஊழியரோ வந்து வீட்டுக்காரரிடம் பேச வழி பிறக்கும். வீட்டுக்காரரின் பயம் பெரும்பாலும் அறியாமையில் வருவது. வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பத்து நிமிஷம் விளக்கினால் பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஹாஸ்டல், மான்ஷன், கம்பெனி வீடு

இங்கே 2017 சட்டம் பெரிதாக உதவாது. வேலையின் பகுதியாகக் கம்பெனி கொடுத்த வீடு, அரசு மற்றும் உள்ளாட்சிக் கட்டடங்கள், கோவில் போன்ற சமய, அறநிலைய அமைப்புகளின் இடங்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. ஹாஸ்டலிலும் மான்ஷனிலும் கட்டிலுக்குப் பணம் கட்டுபவர் சட்டக் கண்ணில் வாடகைதாரரா என்பதே வாதத்துக்குரியது. ஆனால் 2020 ஆணை போன்ற அவசரகால ஆணைகள் "தொழிலாளர், மாணவர்" என்று ஆளைப் பார்த்துப் பேசுகின்றன. ஆகவே இவர்களுக்கு ஆட்சியரும் காவல் துறையும்தான் முதல் வழி. தனித்தனியாக மனு கொடுக்காமல் ஒரே மாடியில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் கொடுப்பவரும் ஆட்சியர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நீதிமன்ற அறிவிப்பு வந்துவிட்டால்

வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கொடுத்ததாகவே கணக்கு, நீங்கள் இல்லாமலே உத்தரவு வந்துவிடும். வாங்கிய தேதியை உறையின் மேல் எழுதிவைத்து, அன்றே சட்ட உதவி தேடுங்கள். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கிடைக்கும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞர் இலவசம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. குடும்பத் தலைவர் ஆண் என்றாலும், ஒப்பந்தத்தில் மனைவி பெயரும் இருந்தால் இது உதவும்.

தொற்றுக் காலத்தில் நீதிமன்றங்களின் கெடுக்கள் மாறலாம். கொரோனாவின்போது 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கெடுக் கணக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் விலக்கியது. பம்பாய், அலகாபாத் போன்ற உயர் நீதிமன்றங்கள் ஏற்கெனவே பிறப்பிக்கப்பட்ட வெளியேற்ற உத்தரவுகளையும் நிறுத்திவைத்தன. உங்கள் மீது உத்தரவு வந்தேவிட்டது என்றாலும், அப்படி ஏதாவது பொது உத்தரவு நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் "கெடு தள்ளிப்போயிருக்கும்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

சமரசம் பேச வீட்டுக்காரர் முன்வந்தால் ஒத்துழையுங்கள். பாக்கித் தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம், அதுவரை காலி செய்யச் சொல்ல மாட்டார் என்ற உறுதி, இந்த நான்கையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நீங்களாகவே வேறு வீடு போவதென்று முடிவெடுத்தால், அட்வான்ஸ் கணக்கு முடிந்து பணம் கைக்கு வரும் நாளில்தான் சாவியைக் கொடுங்கள். வெள்ளையடிக்க, ரிப்பேருக்கு என்று எவ்வளவு பிடிக்கிறார் என்பதை எழுதி வாங்குங்கள். காலி வீட்டின் ஒவ்வோர் அறையையும், மின்மீட்டர் எண்ணையும் சாவி கொடுப்பதற்கு முன் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.